மூணு நாள் காணாமப் போன மூணு பேரு

ஒரே ஒரு ஊருல, ஏழு மடை வச்ச பெரிய ஏரிக்குக் கீழ, ஒரு ராசா இருந்தாரு. நல்ல ராசாதான். ஆனா சபையில சொல்றதைக் காதால கேப்பாரே தவிர, வெளிய போய்க் கண்ணால பாக்க மாட்டாரு, அது ஒண்ணுதான் குறை. அந்த நாட்டுல ஒரு வழக்கம். வருசத்துக்கு ஒருக்கா, அறுப்பு முடிஞ்சதும், "இந்த நாட்டுக்கே பெரியவங்க இவங்கதான்"னு ஒருத்தரை யானை மேல ஏத்தி, மேளம் கொட்டி, எல்லாத் தெருவும் சுத்தி வருவாங்க.

அந்த வருசம் அறுப்புக்கு ஒரு மாசம் இருக்கையிலயே, யானை ஏறப் போறது யாருன்னு சபையில சண்டை வந்துடுச்சு. தளபதி வீரமல்லன் எழுந்து மீசையை நீவிக்கிட்டு, "ராசா, எல்லையில நான் நிக்கலைன்னா இந்தச் சபை ஏது, சிம்மாசனம் ஏது? நான் இல்லைன்னா நாடே இல்ல"ன்னாரு.

மந்திரி நல்லசிவம் விடுவாரா? "தளபதி எல்லையில நின்னது ஏழு வருசத்துக்கு முன்னால. அதுக்கப்புறம் உக்காந்துதான் இருக்காரு. சட்டம் எழுதுறது நான், வழக்கு தீர்க்குறது நான். நான் இல்லைன்னாதான் நாடே இல்ல"ன்னாரு.

"நீரு எழுதுன சட்டத்தைக் காட்டினா எதிரி ஓடிப் போயிடுவானா?"

"உம்ம மீசையைக் காட்டினா வழக்கு தீந்துடுமா?"

இப்படி இவரு ஒண்ணு சொல்ல, அவரு ஒண்ணு சொல்ல, ராசாவுக்குக் கழுத்து வலிக்குது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பி. அப்பப் பாத்து, தோள்ல மம்பட்டியும் கால்ல சேறுமா ஒரு பொம்பள சபைக்குள்ள வந்தா. அவ பேரு சடைச்சி. அந்த ஏரித் தண்ணியை வயல் வயலாப் பங்கு வச்சு விடுற நீர்க்கட்டி. புருசன் செத்த பிறகு அவன் மம்பட்டியை இவ எடுத்துக்கிட்டா. பன்னெண்டு வருசம் ஆச்சு.

"சாமி, ஒரு முறையீடு"ன்னு கும்பிட்டா. "மழை ஏமாத்திடுச்சு, ஏரியில பாதித் தண்ணிதான் கிடக்கு. கடைமடையில நெல்லு பால் பிடிக்கிற நேரம். இன்னும் அஞ்சு நாளுக்குள்ள தண்ணி காட்டலைன்னா அம்புட்டும் பதரு. நாப்பது குடும்பம் சாமி. ஆனா மந்திரி ஐயா, அவரு கரும்புக்கு முதல் மடையைத் திறந்தபடியே விடச் சொல்றாரு. விடலைன்னா மம்பட்டியைப் புடுங்கிடுவாராம்."

மந்திரிக்கு மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆனாலும் சிரிச்சு மழுப்பினாரு. "ராசா, நாட்டுக்குப் பெரியவங்க யாருன்னு பேசுற இடத்துல வாய்க்கா வழக்கு எதுக்கு?"

ராசா எல்லாரையும் கையமர்த்தினாரு. அப்புறம் சொன்னாரு: "நீங்க ரெண்டு பேரும் 'நான் இல்லைன்னா நாடே இல்ல'ங்குறீங்க. சரி. மூணு நாள் இல்லாம இருந்து பாருங்க. அரண்மனைக்குப் பின்னால விருந்து மண்டபம் இருக்கு. உள்ள இருக்குறது இந்தச் சபையைத் தாண்டி யாருக்கும் தெரிய வேணாம். நாடு யாரைத் தேடி வருதோ அவங்களுக்குத்தான் யானை."

அப்ப மந்திரிக்கு ஒரு யோசனை வந்துச்சு பாருங்க, அதுதான் அவருக்கு வந்த வினை. சடைச்சி மூணு நாள் இல்லைன்னா முதல் மடை நம்ம கையிலன்னு நினைச்சுக்கிட்டு, "அப்படின்னா இந்தம்மாவையும் சேத்து உள்ள வைங்க ராசா. மூணு பேரா இருந்தா போட்டி நல்லாருக்கும்"னாரு. சபையே சிரிச்சுது.

சடைச்சி பதறிப் போயிட்டா. "எனக்கு யானை வேணாம் சாமி. மூணு நாள் நான் இல்லைன்னா எல்லாம் கெட்டுப் போகும்."

"பாத்தீங்களா, இவளும் அதையேதான் சொல்றா"ன்னாரு மந்திரி. ராசாவும் சிரிச்சுக்கிட்டே, "சரி, மூணு பேரும் போங்க"ன்னுட்டாரு.

உள்ள போறதுக்கு முன்னால மந்திரி தன் காரியக்காரன் காதுல மெதுவா, "அவ வர மாட்டா, முதல் மடையை முழுசாத் திறந்து விடு"ன்னு ஓதிட்டுத்தான் போனாரு.

முதல் நாள் சாயங்காலம் ராசா வாசக்காவலனைக் கூப்பிட்டுக் கேட்டாரு.

"தளபதியைத் தேடி யாராச்சும் வந்தாங்களா?"

"இல்ல சாமி. படைவீட்டுல ஒருத்தன் 'தளபதி எங்க?'ன்னு கேட்டான். இன்னொருத்தன் 'எங்கயாச்சும் இருப்பாரு, நீ சோறு வெந்துச்சா பாரு'ன்னான்."

"மந்திரியைத் தேடி?"

"இல்ல சாமி. வழக்குக்கு வந்த ரெண்டு பேரு அவரு வர்ற வரைக்கும் வாசல்ல உக்காந்திருந்தாங்க. பேசிப் பேசி அவங்களே சமாதானமாகிப் போயிட்டாங்க."

"சடைச்சியைத் தேடி?"

"ஒரு கிழவர் வந்தாரு சாமி. கடைமடைக்காரரு. 'எங்க சடைச்சியைப் பாத்தியா'ன்னு கேட்டுட்டுப் போனாரு."

ரெண்டாம் நாள் சாயங்காலமும் ராசா கேட்டாரு. தளபதியைத் தேடி யாரும் வரல. மந்திரியைத் தேடி யாரும் வரல. சடைச்சியைத் தேடி ரெண்டு ஊரு வந்துச்சு, அதுவும் ரெண்டு ஊரும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டே வந்துச்சு. என்ன ஆச்சுன்னா, மந்திரி ஆளு முதல் மடையைத் திறந்ததைப் பாத்து ரெண்டாம் மடைக்காரன் திறந்தான், அவன் திறந்தான்னு மூணாம் மடைக்காரன் திறந்தான், இப்படியே ஏழு மடையும் வாயைப் பொளந்துக்கிச்சு. நடுவயல்ல இடுப்பளவு தண்ணி, கடைமடையில வாய்க்கா உடைஞ்சு ஒரு சொட்டு இல்ல. ராசா அதையும் காதால கேட்டதோட சரி, "சொன்ன மூணு நாள் ஆகட்டும்"னுட்டாரு.

உள்ள சடைச்சிக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா சோத்துல கை வைக்கல. தளபதி பாத்துட்டு, "ஏம்மா, சாப்பிடு. ரெண்டு நாளா என்னைத் தேடி ஒரு சத்தமும் கேக்கலை, நானே நல்லாத்தான் சாப்பிடுறேன்"னாரு. மந்திரி மட்டும் விரலை மடக்கி மடக்கிக் கரும்பு எத்தனை கணு விட்டிருக்கும்னு பாத்துக்கிட்டு இருந்தாரு.

மூணாம் நாள் சாயங்காலம் வரைக்கும் ராசா காத்திருக்க வேண்டி வரல. உச்சிவெயில்லயே ஊரு பூராவும் அரண்மனை வாசல்ல. "சடைச்சியக்கா எங்க? அவங்களை என்ன பண்ணினீங்க?"ன்னு ஒரே சத்தம். கூட்டத்தைப் பொளந்துக்கிட்டு முன்னால வந்தது யாருன்னு நினைக்கிறீங்க? மந்திரி சம்சாரம் வடிவுதான். புடவையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் சொருகியிருக்கு, தலையெல்லாம் சேறு.

"ராசா, சடைச்சியை வரச் சொல்லுங்க"ன்னு அந்தம்மா மூச்சு வாங்கிச்சு. "எங்க ஆளுங்க முதல் மடைக் கட்டையை உருவிட்டானுங்க, திரும்பச் சொருகத் தெரியல. கரும்பு சாஞ்சு போச்சு, மாட்டுத் தொழுவம் போச்சு, இப்ப வீட்டுக்குள்ள தண்ணி. நெல்லு கொட்டி வச்ச மண்ணுக் குதிரு கரையுது. அவ ஒருத்திக்குத்தான் அந்தக் கட்டையோட சூட்சுமம் தெரியும்."

ராசா மண்டபக் கதவைத் திறக்கச் சொன்னாரு. மூணு பேரும் வெளிய வந்தாங்க. வடிவு ஓடிப் போய்ச் சடைச்சி கையைப் புடிச்சுக்கிட்டு, அப்புறந்தான் பக்கத்துல நின்னவரைப் பாத்து, "ஏங்க, நீங்களும் இங்கதான் இருக்கீங்களா? நீங்க வீட்டுல இல்லைன்னே நான் கவனிக்கலையே"ன்னுச்சு.

ஊரு சிரிச்ச சிரிப்பு இருக்கே, தளபதிக்கே மீசை நிக்கல.

சடைச்சி சிரிக்க நிக்கல. மம்பட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடினா. முதல் தடவையா ராசாவும் அரண்மனையை விட்டு அவ பின்னால ஓடினாரு. சடைச்சி ஏரியில குதிச்சா, முங்கினா, மூணு தடவை மூச்சு எடுத்து மூணு தடவை முங்கினா. நாலாவது தடவை கட்டையைச் சொருகிட்டுத் தலை மேல வரும்போது வாய்க்கால்ல சத்தம் நின்னு போச்சு. அப்படியே மத்த ஆறு மடையையும் அடைச்சா. உடைஞ்ச வாய்க்காலை ஊரு ஆளுங்களை வச்சுக் கட்டினா. அப்புறம் ஒரு பானைத் தண்ணியில ஓட்டை போட்ட சிரட்டையை மிதக்க விட்டு உக்காந்தா. சிரட்டை முங்கினா ஒருத்தர் முறை முடிஞ்சுது. மிச்சம் கிடந்த தண்ணியை வச்சே, கடைமடையில ஆரம்பிச்சு மேல மேல வந்தா. நாப்பது குடும்பத்து நெல்லும் நனைஞ்சுது. பால் பிடிச்சுது, முத்துச்சு, அறுத்தாங்க.

அறுப்பு முடிஞ்சு சபை கூடினதும், "சடைச்சிதான் நாட்டுக்கே பெரியவ"ன்னு ராசா சொன்னாரு. மொதல்ல கை தட்டினது தளபதி. மந்திரி மட்டும் எழுந்து ரொம்பப் பவ்வியமா, "யானை மட்டும் போதுமா ராசா? நூறு வேலி நிலம் குடுங்க"ன்னாரு.

எவ்வளவு நல்ல மனசுன்னு நினைக்காதீங்க. நீர்க்கட்டிக்கு ஒரு சாண் நிலம்கூடச் சொந்தமா இருக்கக் கூடாது, அது அந்த ஏரியோட கட்டுப்பாடு. இருந்தா தன் வயலுக்குத்தானே தண்ணியைத் திருப்பத் தோணும்? நிலத்தை வாங்கின அன்னைக்கே மம்பட்டி போயிடும். மந்திரி நினைச்சது அதுதான்.

சடைச்சிக்குப் புரியாதா? "நிலம் வேணாம் சாமி"ன்னா. "ஆனா எனக்கு ஒரு சந்தேகம். ஒரு ஏரித் தண்ணியைப் பங்கு வைக்கிறவளுக்கே நிலம் ஆகாதுன்னு கட்டுப்பாடு. நாட்டையே பங்கு வைக்கிற மந்திரி ஐயாவுக்கு மட்டும் எப்படிச் சாமி முதல் மடைக்குக் கீழ நூத்தம்பது வேலி?"

அன்னைக்குச் சடைச்சி பின்னால ஓடுன ஓட்டத்துல ராசா அந்த நூத்தம்பது வேலியையும் கண்ணால பாத்திருந்தாரு. மந்திரி பக்கம் திரும்பி, "நியாயந்தானே? நிலத்தை விட்டுடுங்க, இல்லைன்னா மந்திரி வேலையை விட்டுடுங்க. இப்பவே சொல்லுங்க"ன்னாரு.

மந்திரி விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் பாத்துட்டு, "நிலமே போதும்"னாரு. அந்த நிமிசமே மந்திரித் தலைப்பாகையை வாங்கிக்கிட்டாங்க. அன்னையில இருந்து அவரும் சிரட்டை முங்குற வரைக்கும் வரப்புல குந்தியிருந்து, "சடைச்சியம்மா, என் முறை எப்ப?"ன்னு கேக்க வேண்டியதாப் போச்சு. "கடைமடை முடியட்டும்யா"ன்னுவா அவ. கோபமா இல்ல, எல்லார்கிட்டயும் சொல்ற மாதிரிதான்.

யானை வந்துச்சு. மம்பட்டியோடதான் ஏறுவேன்னு சடைச்சி ஏறினா. மேளம் முழங்குது, கடைமடைச் சனம் புது நெல்லை அள்ளி அள்ளி யானை மேல வீசுது. தெருக்கோடியில எவனோ வாய்க்கால்ல கல்லு வச்சிருக்குறதைப் பாத்துட்டு, "எவண்டா அது, எடுடா அந்தக் கல்லை"ன்னு யானை மேல இருந்தே ஒரு அதட்டு அதட்டினா. ராசாவே பயந்துட்டாரு.

பழைய மந்திரி வீட்டுத் தெருவுக்கு யானை வந்தப்ப, அவரு வெள்ளத்துல தப்பின நெல்லை நடுத்தெருவுல காயப் போட்டுட்டு அதுக்கு நடுவுல நின்னுக்கிட்டு இருந்தாரு. வடிவு உள்ள இருந்து ஓடி வந்து, "அள்ளிக்கிட்டு ஓரமா நில்லுங்க, பெரியவங்க வர்றாங்க"ன்னுச்சு. அவரும் அள்ளிக்கிட்டு, ஓரமா நின்னாரு.

யாரு பெரியவங்கன்னு அவங்களே சொல்லக் கூடாது கண்ணுங்களா, அவங்க இல்லாதப்ப ஊரு சொல்லணும். யானை அந்தப் பக்கம் போச்சு, தண்ணி வயலுக்குப் போச்சு, நம்ம கதையும் இத்தோட கரை சேந்தாச்சு.