யானைக் குட்டியின் முதல் கவளம்

அந்தக் காலத்தில் யானை பேசும், மந்தி பேசும், கண்ணுக்கே தெரியாமல் சேற்றுக்குள் கிடக்கிற சிறுசுகள்கூடப் பேசும். பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது. காது கொடுத்துக் கேட்கத்தான் ஆள் கிடையாது. இந்தக் கதையில் வருகிற துன்பமெல்லாம் அதனால் வந்ததுதான் என்பது என் எண்ணம். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

மாயாற்றங்கரைக் காட்டில் ஒரு யானைக் கூட்டம் இருந்தது. அதில் வள்ளாத்தாள் என்று ஒரு யானை. கூட்டத்துக்குத் தலைவி அவளுடைய அக்கா பெரியநாச்சி. அன்றைக்கெல்லாம் யானைகள் புல்லைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அத்தி, பலா, விளா, நாவல் என்று பழமாகத் தின்று வளர்ந்த உடம்பு. பிறகு மழை பொய்த்தது. ஒரு வருஷம் இல்லை, தொடர்ந்து மூன்று வருஷம். மரங்கள் பூக்கவே இல்லை. காட்டில் மிச்சம் இருந்தது முரட்டுப் புல்லும் மூங்கில் இலையும்தான். யானைகள் அதை வயிறு முட்டத் தின்றன. தின்றது தின்றபடியே வெளியே வந்தது. வயிறு நிறைந்திருக்கும், உடம்பு மட்டும் நாளுக்கு நாள் வற்றும். பட்டினி கிடந்து சாவதைவிட இது கொடுமை.

ஒரு நாள் வள்ளாத்தாள் ஓடைக்கரையில், எப்போதோ வந்த வெள்ளம் ஒதுக்கிவிட்டுப் போன புல் குவியல் ஒன்றைத் தும்பிக்கையால் கிளறினாள். மேலே வெறும் சருகு. உள்ளே கதகதவென்று சூடு, புளித்த வாசனை.

“மெதுவாங்க அம்மணி,” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். “இது ஆளு குடியிருக்கற வீடு.”

வள்ளாத்தாள் தும்பிக்கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். “யாருங்க அது? ஒருத்தரையும் காணமே.”

“காண முடியாதுங்க. நாங்க அவ்வளவு சிறுசு. எத்தனை பேருன்னும் கேக்காதீங்க, எங்களுக்கே தெரியாது.”

“உள்ள உக்காந்துகிட்டு என்ன பண்றீங்க?”

“புல்லை வேக வெக்கறோம்.”

“நெருப்பு இல்லாமயா?”

“நெருப்பு நேத்து வந்ததுங்க. நாங்க அதுக்கும் முந்தி.”

வள்ளாத்தாளுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. இதுகள் வேக வைக்கிற புல்லைத்தான் தன் வயிறு வேக வைக்கத் தெரியாமல் வெளியே தள்ளுகிறது. அவள் மெல்லக் கேட்டாள். “என்ற வயித்துக்குள்ள வந்து வேக வெப்பீங்களா? இருட்டா இருக்கும், சூடா இருக்கும். வெயிலு மழை ஒண்ணும் அண்டாது. தீனி தினமும் தானா வந்து விழும்.”

குவியலுக்குள் கசமுசவென்று பேசிக்கொண்டார்கள். பிறகு குரல் சொன்னது. “வர்றோம் அம்மணி. வெந்ததுல உங்களுக்கும் பங்கு, எங்களுக்கும் பங்கு. ஆனா ஒண்ணு. நாங்க பெருகற சாதி. ஒரே வீட்டுல எத்தனை தலைமுறை அடைஞ்சு கெடக்கறது? உங்களுக்குப் புள்ள பொறந்தா, எங்க புள்ளைங்க அங்க குடி போகணும். அதுக்கு உண்டான வழியை மட்டும் அடைச்சுராதீங்க.”

“அதுக்கென்ன, தாராளமாப் போங்க,” என்றாள் வள்ளாத்தாள். எந்த வழி என்று கேட்கவில்லை. பசித்தவள் எதைத்தான் கேட்பாள்? குவியலில் பாதியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். மீதியைக் கூட்டத்துக்குக் காட்டினாள். எல்லோரும் தின்றார்கள். பெரியநாச்சி மட்டும் “அழுகினதைத் தின்னற அளவுக்கு இன்னும் நான் கெட்டுப் போகலை” என்று இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் மற்றவர்கள் உடம்பு தேறுவதைப் பார்த்துவிட்டு, இது மருந்து, மருந்து எப்படி இருந்தாலும் தோஷமில்லை என்று அறிவித்துவிட்டு அவளும் தின்றாள்.

அதன்பிறகு மழை வந்தது, பழமும் வந்தது. ஆனால் புல்லின் ருசி கண்ட யானைகள் புல்லை விடவில்லை. நாளெல்லாம் தின்றன. உடம்பு குன்று மாதிரி வளர்ந்தது. நாளெல்லாம் தின்றால் நாளெல்லாம் வெளியேயும் போகத்தானே வேண்டும்? யானைச் சாணத்தை லத்தி என்பார்கள். பழம் தின்ற காலத்தில் அது பேருக்குக் கொஞ்சம்தான். இப்போது நாளைக்குப் பத்துத் தடவை, பதினைந்து தடவை. ஒவ்வொன்றும் ஒரு கூடை.

மருத மரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கருமந்தி இதைப் பார்த்துச் சும்மா இருக்குமா? தண்ணீர் குடிக்க வந்த மான்களிடம் பேச்சுவாக்கில் சொன்னது. “யானைங்க ஊட்டுக்கு வழியே கேக்க வேண்டாம். மூக்கைப் பிடிச்சுக்கிட்டு நடந்தாப் போதும், தானா வந்துரும்.”

மான்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. பெரியநாச்சியின் முகம் சுண்டிப் போயிற்று. யானைக்கு உடம்பு பெரிது என்று நினைக்கிறோம். அதன் ரோஷம் அதைவிடப் பெரிது. அன்றைக்கே அவள் கூட்டத்தைக் கூட்டிச் சட்டம் போட்டாள். “இனிமேல் நம்ம லத்தி ஒருத்தர் கண்ணுலயும் படக் கூடாது. எல்லாம் ஆத்துக்குள்ள. ஆறு எட்டாத எடத்துல விழுந்துட்டா, தள்ளிக்கிட்டுப் போய் ஆத்துல விடுங்க. அதைத் தரையில கெடக்க விடறவ நம்ம கூட்டம் இல்லை.”

யானைகள் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டன. காட்டிலேயே சுத்தமான கூட்டம் என்று பேரும் வந்தது. மந்தி பேச விஷயம் கிடைக்காமல் வேறு மரத்துக்குப் போனது.

அதற்கப்புறம் பிறந்த குட்டிகள்தான் தங்கவில்லை.

பால் குடிக்கிறவரை நன்றாக இருக்கும். பால் வற்றிப் புல்லைக் கடிக்கத் தொடங்கியதும் இளைக்கும். வயிறு புடைத்து, விலா எலும்பு தெரிந்து, ஒரு நாள் காலையில் எழுந்திருக்காது. இரண்டு குட்டிகள் அப்படிப் போயின. கண்ணேறு என்றாள் பெரியநாச்சி. மூன்றாவது, வள்ளாத்தாளின் குட்டி. பிறக்கும்போதே பந்து மாதிரி இருந்ததால் உருண்டை என்றே பேர். அந்த உருண்டையும் இப்போது நான்கு குச்சிகளின்மேல் தொங்குகிற தோலாகிவிட்டது. தின்ற புல் அப்படியே வெளியே விழுந்தது.

வள்ளாத்தாளுக்கு அதைப் பார்த்ததும் பஞ்சகாலம் ஞாபகம் வந்தது. ஓடைக்கரைக்கு ஓடினாள். குவியல் இருந்த இடத்தில் வெள்ளம் மணலைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. கரை நெடுகத் தோண்டிப் பார்த்தாள். கூழாங்கல்தான் இருந்தது.

அங்கேயே நின்று தன் வயிற்றைப் பார்த்துச் சண்டைக்கு நின்றாள். “நல்லா இருக்கீங்களா? தின்னு கொழுத்துக்கிட்டு. என்ற புள்ள வயித்துக்கும் குடி போறோம்னு வாய் நெறையச் சொன்னீங்களே, போனீங்களா? புள்ள சாகக் கெடக்குது. பேச்சு மாறுன நன்றி கெட்டதுங்களா.”

வயிற்றுக்குள் முதலில் வெறும் கடமுடா சத்தம். பிறகு அந்தப் பழைய குரல் வந்தது. கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

“நாங்க தினமும் கெளம்பறோம் அம்மணி. பத்துத் தடவை, பதினஞ்சு தடவை. பெத்த புள்ளைங்களை மூட்டை முடிச்சோட அனுப்பறோம். நீங்கதான் ஒண்ணு விடாம ஆத்துல தள்ளி விடறீங்க.”

வள்ளாத்தாள் திரும்பித் தன் வால் பக்கம் பார்த்தாள். “அந்த வழியா?”

“வேற எந்த வழி வெச்சிருக்கீங்க எங்களுக்கு?”

அவள் ஆறு இருந்த பக்கம் திரும்பினாள். தான் அசிங்கம் என்று நினைத்து ஆற்றில் விட்டதோடு அவர்களுடைய பிள்ளைகள் ஊர் ஊராக மூழ்கியிருக்கிறார்கள். தன்னுடைய குட்டிக்கு வரவேண்டிய சோறும் அதோடு போயிருக்கிறது. வாக்குத் தவறியது அவர்கள் இல்லை. இத்தனை நாள் என் வயிறு, என் பலம் என்று நினைத்துக்கொண்டிருந்தாளே, அதில் தன்னுடையது எவ்வளவு, அவர்களுடையது எவ்வளவு என்று யோசித்துப் பார்த்தாள். பிரிக்கத் தெரியவில்லை.

முதலில் யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம் என்றுதான் பார்த்தாள். மூங்கில் புதருக்குள் உருண்டையைக் கூட்டிப்போய், ஈரம் காயாத லத்தியைக் காட்டி, “சாப்பிடு கண்ணு” என்றாள்.

குட்டி பின்னால் நகர்ந்தது. “வேண்டாம்மா. இதைத் தொட்டா பெரியம்மா கூட்டத்துல சேத்துக்க மாட்டாங்க.”

“பெரியம்மா இங்க இல்லை சாமி.”

“தெரிஞ்சுதுன்னா?” என்றது குட்டி. அதற்குமேல் நிற்கப் பலமில்லாமல் முன்னங்காலை மடித்துப் படுத்துக்கொண்டது. சாவதைவிடப் பெரியம்மாவின் சட்டத்துக்குப் பயப்படுகிறது குழந்தை. அந்தப் பயத்தையும் பாலோடு சேர்த்து ஊட்டியது நாம்தானே என்று வள்ளாத்தாள் நினைத்துக்கொண்டாள். ஒளித்துச் செய்தால் இது நடக்காது என்று தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை, கூட்டம் முழுக்கத் தண்ணீர்த் துறையில் நிற்கிற நேரம். பெரியநாச்சி ஆற்றுக்குள் நின்றிருந்தாள். வள்ளாத்தாள் குட்டியைத் தும்பிக்கையால் அணைத்து நடத்திக்கொண்டு வந்து, தண்ணீருக்கு நாலு அடி முன்னாலேயே நின்றாள். அங்கேயே, காய்ந்த மணலில், எல்லோரும் பார்க்க லத்தி போட்டாள்.



“வள்ளா,” என்றாள் பெரியநாச்சி. “வயசாகலை உனக்கு. ஆறு எங்க இருக்குதுன்னு தெரியும். தள்ளி விடு.”

“மாட்டனுங்க அக்கா.”

“ஏன்?”

“நம்ம புள்ளைங்க செத்தது கண்ணேறு இல்லீங்க. பஞ்சத்துல நம்ம தின்ன புல் குவியல்லருந்து வந்து நம்மளைக் காப்பாத்துனவிங்க இதுக்குள்ளதான் இருக்காங்க. புள்ளைங்ககிட்டப் போறதுக்கு அவிங்களுக்கு இது ஒண்ணுதான் வழி. அதைத்தான் நம்ம தினமும் அடைச்சுக்கிட்டு இருக்கறோம்.”

“அப்ப என்னை என்ன பண்ணச் சொல்ற? யானைப் புள்ள லத்தி தின்னுச்சுன்னு காடு பூராச் சிரிக்கட்டுமா?”

“சிரிச்சா சிரிக்கட்டுங்க.”

பெரியநாச்சி தண்ணீரை விட்டு வெளியே வந்தாள். குரலை உயர்த்தவில்லை. “நீ என்ற கூடப் பொறந்தவ. அதனால ஒரு தடவை சொல்றேன். அதைத் தொட்டா, நீ ஒரு பக்கம், நாங்க ஒரு பக்கம்.”

வள்ளாத்தாள் அக்காவைப் பார்த்தாள். பிறகு குட்டியைப் பார்த்தாள். உருண்டை அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் குனிந்தாள். மணலில் கிடந்ததில் ஒரு கவளம் எடுத்தாள். குட்டிக்குக் கொடுக்கவில்லை. தன் வாயில் போட்டுக்கொண்டாள். கூட்டம் முழுக்கப் பார்க்க, அவசரப்படாமல் மென்று விழுங்கினாள். இன்னொரு கவளம் எடுத்துக் குட்டியின் முன்னால் நீட்டினாள்.

“அம்மாளே சாப்பிட்டாச்சு. இனி உனக்கென்ன பயம், கண்ணு?”

உருண்டை தும்பிக்கையை நீட்டி வாங்கிக்கொண்டது.

பெரியநாச்சி திரும்பி ஆற்றைக் கடந்தாள். ஒவ்வொருவராகக் கூட்டமும் பின்னால் போனது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கரையில் தாயும் குட்டியும் மட்டும் நின்றார்கள். வள்ளாத்தாள் அழுதாள். தான் செய்தது சரிதான் என்று தெரிந்தாலும் அழுகை வரத்தான் செய்யும்.

தனியாக இருக்கிற குட்டியைப் புலி விடாது. அதனால் அவள் நின்றுகொண்டே கண்ணயர்ந்தாள். தினமும் கவளம் கவளமாகக் கொடுத்தாள். இரண்டு நாள் குட்டிக்கு வயிறு வலித்தது. மூன்றாம் நாள் வயிற்றுக்குள் கடமுடாவென்று ஒரு சத்தம். வள்ளாத்தாள் காதை ஒட்டவைத்துக் கேட்டாள். உள்ளே யாரோ புது வீட்டில் சாமான் இறக்கி வைக்கிற சத்தம் மாதிரி இருந்தது. பத்தாம் நாள் உருண்டை புல்லைப் பிடுங்கித் தின்றது. இந்தத் தடவை அது தின்றபடியே வெளியே வரவில்லை. ஒரு மாதத்தில் விலா எலும்பு மறைந்தது. குட்டி மணலில் ஓடி விளையாடியது.

அக்கரையில் இருந்தவர்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பெரியநாச்சிக்கும் ஒரு குட்டி உண்டு. வயதான காலத்தில் பிறந்தது. பால் வற்றியதும் அதற்கும் விலா தெரிய ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் பெரியநாச்சி அதைத் தும்பிக்கையால் தாங்கிக்கொண்டு ஆற்றைக் கடந்து இக்கரைக்கு வந்தாள். கூட்டமும் பின்னால் வந்தது. மன்னிப்பு என்கிற சொல் அவள் வாயில் வராது. தண்ணீருக்கு எட்டாத மேட்டுக்கு நடந்து போனாள். எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்றாள். வேறு மரத்துக்குப் போயிருந்த மந்திகூட வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. லத்தி மணலில் விழுந்தது.

குட்டி தயங்கியது.

“சாப்பிடு,” என்றாள் பெரியநாச்சி, திரும்பாமலே. “நான் இங்கதான் நிக்கறேன்.”

மந்தி சிரித்துத்தான் பார்த்தது. கூடச் சிரிக்க ஒருவரும் இல்லாததால் நிறுத்திக்கொண்டது. குட்டி தின்றது. வெயில் ஏறியது. அந்தப் பெரிய யானை அசையவே இல்லை.

இன்றும் பால் மறக்கப் போகிற யானைக் குட்டி தாயின் பின்னால் போய் லத்தியில் தும்பிக்கையை நீட்டுகிறது என்றால், அது அன்று முதல்தான். குட்டி தின்று முடிக்கிறவரை தாய் ஓர் அடிகூட எடுத்து வைப்பதில்லை.