தலைவர் ஆழமா ஆய்வு செஞ்ச கதை

கொக்கரப்பட்டியில புதுசா கட்டுன பாலம், திறந்த எட்டாவது நாளே ஆத்துக்குள்ள படுத்துடுச்சு. அடுத்த மாசம் எலக்‌ஷன். ஊர்த் தலைவர் வேலாயுதமூர்த்தி அசரவே இல்ல. தன்னோட பேச்சாளர் அணியைக் கூப்பிட்டாரு. அணின்னா மூணே பேரு: சடையாண்டி, மொக்கராசு, குணாளன். மூணு பேருக்கும் சேர்த்து அரை மூளை, அதுவும் பாதி நாள் லீவு.

"பாலம் விழுந்துச்சுன்னு எவனாவது சொன்னீங்க, தொலைச்சுடுவேன். 'மக்களுக்கு எட்டுற உயரத்துக்குக் கொண்டுவந்திருக்கோம்'னு சொல்லணும். இனிமே எனக்கு எந்த அசிங்கம் நடந்தாலும் கௌரவமாத்தான் சொல்லணும். புரியுதா?"

மூணு பேரும் சூடம் அணைச்சு சத்தியம் பண்ணாங்க. அங்கதான் வந்துச்சு வினை.

மறுநாள் பாலத்தைப் பார்க்கப் போன தலைவர், கரை வழுக்கி சேத்துல இறங்கிட்டாரு. முழங்கால், தொடை, இடுப்புன்னு உள்ள போயிட்டே இருக்காரு.

"டேய், ஃபயர் சர்வீஸுக்கு போன் போடுங்கடா."

போனை எடுத்த சடையாண்டி அப்படியே நின்னுட்டான். "என்னன்னு சொல்றது? மாட்டிக்கிட்டாருன்னா அசிங்கமில்ல?"

"புதையுறாருன்னு சொல்லேன்"னான் குணாளன்.

"வாயக் கழுவுடா. செத்தவங்களைத்தான் புதைப்பாங்க."

மொக்கராசு ரொம்ப நேரம் யோசிச்சான். அதுக்குள்ள சேறு தலைவரோட சட்டைப் பாக்கெட்டுக்கு வந்துடுச்சு. "களத்துல ஆழமா இறங்கி ஆய்வு பண்றாருன்னு சொல்லு."

அப்படியே சொன்னான். போனை எடுத்தவரு, "நல்ல மனுஷன்ங்க, நான் வாழ்த்துனேன்னு சொல்லிடுங்க"ன்னு வச்சுட்டாரு.

"தலைவரே, உங்களை வாழ்த்துறாங்களாம்."

தலைவர் சொன்ன பதிலை இங்க எழுத முடியாது. குணாளன் மட்டும் அதை நோட்டுல எழுதிக்கிட்டான்: 'தலைவர் எங்கள் குடும்பத்தாரை அன்போடு நலம் விசாரித்தார்.'

அந்தப் பக்கம் ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த செல்லக்கிளி இந்தக் கூத்தைப் பார்த்தா. "தலைவர் சேத்துல சாகக் கெடக்காரு, வாங்க"ன்னு ஒரே போன். பத்து நிமிஷத்துல வண்டி கயிறோட வந்துடுச்சு. பின்னாடியே கேபிள் டிவிக்காரரும் கேமராவோட வந்துட்டாரு.

"யாருங்க மாட்டிக்கிட்டது?"ன்னாரு ஃபயர் ஆபீசர்.

"இங்க யாரும் மாட்டலையே"ன்னாங்க மூணு பேரும்.

ஆபீசர் தலைவரையே கேட்டாரு. "ஐயா, கயிறு போடவா?"

சேறு கழுத்துக்கு வந்தாச்சு. தலைவர் கத்தத்தான் வாயைத் திறந்தாரு. அப்பப் பார்த்து கேமராவுல செகப்பு லைட் எரிஞ்சுது. மெதுவா சிரிச்சாரு.

"ஆய்வு... நடந்துட்டிருக்கு."

ஆபீசர் கயித்தைச் சுருட்டிக்கிட்டே கேட்டாரு. "எப்பங்க முடியும்?"

சடையாண்டி குனிஞ்சு, சேத்துல இருந்து தலைவரோட உச்சந்தலை வரைக்கும் கையாலேயே அளந்து பார்த்தான்.

"இன்னும் ரெண்டு சாண்தாங்க பாக்கி."