பன்னிரண்டாம் ஓடம்

முன்னொரு காலத்திலே செங்கரை நாட்டை விசயகேசரி என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் அந்தந்த நேரத்துக் கோபத்தையெல்லாம் சட்டமாக்கிவிடுவான். ஒருநாள் எவனோ, "விலைக்கு வாங்கின கிளி பேசமாட்டேன் என்கிறது" என்று சபையில் வந்து புலம்பினான். ராஜாவுக்கு எரிச்சல் வந்தது. "இனிமேல் வாங்குகிறவனே பார்த்து வாங்கிக்கொள்ளட்டும். விற்றவனைக் கேள்வி கேட்கக் கூடாது" என்று ஆணை போட்டுவிட்டான்.

ஆறு மாதம் போயிற்று. ஒரு காலையில் பூவாயி என்ற பெண், கையில் உடைந்த பலகையோடு சபைக்கு வந்து நின்றாள்.

"மகாராஜா, என் புருஷன் கூத்தன் ஓடக்காரன். வியாபாரி வெள்ளையப்பரிடம் புது ஓடம் என்று நம்பி வாங்கினான். மூன்றாம் நாளே நடு ஆற்றில் அடிப்பலகை பிளந்துவிட்டது. இதோ பாருங்கள், பழைய விரிசலை மெழுகால் அடைத்து மேலே சாயம் பூசியிருக்கிறார்கள். என் புருஷன் ஐந்து பேரைக் கரை சேர்த்தான். ஆறாவது ஆளைத் தேடிப் போனவன் திரும்பவில்லை."

வெள்ளையப்பனை அழைத்துவந்தார்கள்.

"விரிசல் இருந்தது எனக்கே தெரியாது மகாராஜா. கூத்தனும் தட்டிப் பார்த்துத்தானே எடுத்தான்?" என்றான் அவன்.

அவனுடைய நண்பர் கச்சிராயர் எழுந்தார். மந்திரி அம்பலவாணர்மீது வெகுநாளாகப் பொறாமை கொண்டவர். "ஆணை தெளிவாக இருக்கிறது மகாராஜா. வேண்டுமானால் மந்திரியார் செத்தவனை எழுப்பி, ஏன் சரியாகப் பார்க்கவில்லை என்று கேட்கட்டும்" என்றார். இரண்டொருவர் சிரித்தார்கள்.

அம்பலவாணர் சிரிக்கவில்லை. "ஆணை இருக்கட்டும். மகாராஜா இன்று அக்கரைக்குப் போக வேண்டுமே, இவர் ஓடத்திலேயே போகலாம். வெள்ளையப்பரே துடுப்புப் போடட்டும். கச்சிராயரும் கூட வரட்டும்" என்றார்.

"நல்ல யோசனை! இப்போதே கிளம்புவோம்" என்றான் ராஜா.

துறையில் வெள்ளையப்பன் விற்க வைத்திருந்த பன்னிரண்டு ஓடங்கள் நின்றன. எல்லாம் ஒரே வடிவம், ஒரே சிவப்புச் சாயம். அம்பலவாணர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். கச்சிராயர் முதல் ஓடத்தில் காலை வைக்கப் போனார். வெள்ளையப்பன் பாய்ந்து அவர் கையைப் பிடித்தான்.

"அதில் வேண்டாம் ஐயா!"

"சரி, அடுத்ததில் ஏறுகிறேன்."

"அதிலும் வேண்டாம்..."

வியர்க்க விறுவிறுக்கப் பதினோரு ஓடங்களைத் தாண்டிப் போய், கடைசி ஓடத்தின் அருகே நின்றான். "இதுதான் மகாராஜா ஏறத் தகுந்தது."

அம்பலவாணர் கேட்டார்: "பன்னிரண்டையும் நானும் தட்டிப் பார்த்தேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆற்றிலேயே பிழைத்த கூத்தனுக்கும் தெரியவில்லை. உமக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?"

வெள்ளையப்பன் மண்ணில் விழுந்தான். ராஜா கச்சிராயரைப் பார்த்தான்.

"இந்தப் பதினொன்றில் ஒன்றில் ஏறி அக்கரை போகிறீரா?"

கச்சிராயர் தலைகுனிந்தார்.

"அப்படியானால் இனி என் சபைப் படியும் ஏற வேண்டாம்."

கூடவே துறைக்கு வந்திருந்த பூவாயியிடம் ராஜா திரும்பினான். "என்ன வேண்டும், கேள் அம்மா."

"கேட்க இப்போது நேரமில்லை மகாராஜா. இவர் விற்ற ஓடங்கள் இன்னும் ஒன்பது ஆற்றில் இருக்கின்றன. இன்று சந்தை நாள். ஜனங்கள் ஏறியிருப்பார்கள்."

ராஜா குதிரையைக் கொண்டுவரச் சொன்னான். வீரர்கள் துறை துறையாகப் பறந்தார்கள். எட்டு ஓடங்களைக் கரையில் இழுத்துப் போட்டார்கள். கடைசித் துறைக்கு ராஜாவே போனபோது, ஒன்பதாவது ஓடம் ஆட்களோடு கரையை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. அவன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

ஓடக்காரனுக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. "யாரய்யா நீ? கயிற்றை விடு!" என்று அதட்டினான்.

"இப்படிப்பட்ட ஓடத்தை விற்கலாம் என்று சட்டம் போட்டவன் நான்தான். எல்லாரும் இறங்குங்கள்" என்றான் ராஜா.

மறுநாள் வெள்ளையப்பன் சிறைக்குப் போனான். அம்பலவாணருக்கு ராஜா தன் மோதிரத்தைக் கழற்றி அணிவித்தான். துறைதோறும் தண்டோரா முழங்கியது: "விற்கிறவன் தனக்குத் தெரிந்த குறையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மறைத்தால், வந்த கேட்டுக்கெல்லாம் அவனே பொறுப்பு!"