பாறையேறிய முள்ளெலி

ஆனைமுட்டிப் பாறையின் அடியில், காரைப் புதருக்குள் சடைச்சி என்ற முள்ளெலி குடியிருந்தாள். எதற்கெடுத்தாலும் அவளுக்குக் கவலை. காற்றடித்தால் கவலை, அடிக்காவிட்டாலும் கவலை. ஆனாலும் அவள் மனதில் ஓர் ஆசை மட்டும் போகாமல் கிடந்தது. மழை எங்கிருந்து புறப்பட்டு வருகிறது என்று ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும்!

தரையோடு தரையாக நடக்கிறவளுக்குப் புல்லைத் தவிர வேறென்ன தெரியும்? பாறையின் உச்சியில் நின்றால் எல்லாம் தெரியும் என்று பறவைகள் பேசிக்கொண்டன.

அந்தப் பாறை சுவர்போல நிமிர்ந்து நிற்கும். எந்தக் காலத்திலோ மனிதர்கள் அதில் முளைகள் அடித்து, அடியிலிருந்து உச்சிவரை இரும்புக் கம்பி கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெடிப்புகளில் கால் வைத்து ஏறலாம். புதியவர்களை அழைத்துப்போக அங்கே இரண்டு வழிகாட்டிகள் இருந்தார்கள். ஒருவன் துரைக்கண்ணு என்ற குரங்கு. மற்றவள் ஒரு கொம்பு உடைந்த வரையாடு.

பக்கத்துப் புதரில் இருந்த முயல் பவளம் ஓடி வந்தாள். "சடைச்சி மதினி! நான் துரைக்கண்ணு அண்ணன்கூட ஏறப் போறேன். நீங்களும் வாங்களேன்!"

"வாங்க, வாங்க!" என்றான் துரைக்கண்ணு. "வெயில் ஏறுறதுக்குள்ள உச்சியில நிக்கலாம்! இந்தப் பாறையில நான் கண்ணை மூடிக்கிட்டே தாவுவேன்!"

"தம்பி, பாதி வழியில எனக்குப் பயம் வந்துட்டா?"

"பயமா! என்கூட வந்தா பயம் எப்படி வரும்?"

பதில் இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் சடைச்சிக்கு அது தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. அவள் வரையாட்டிடம் போனாள்.

"நான் ஏறணும், அக்கா."

"ஏறலாம். பயம் வந்தா நீ என்ன செய்வே?" என்று வரையாடு கேட்டாள்.

சடைச்சிக்கு வெட்கமாகப் போயிற்று. "சுருண்டுக்குவேன்."

"கையும் காலும்?"

"வயித்துக்குள்ள போயிடும்."

துரைக்கண்ணு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நல்லதாப் போச்சு! இறங்குற வேலை மிச்சம். உருண்டே வீட்டுக்குப் போயிடலாம்!"

வரையாடு சிரிக்கவில்லை. உறுதியான இரண்டு கொடிகளை எடுத்துச் சடைச்சியின் இடுப்பில் கட்டினாள். ஒவ்வொரு கொடியின் நுனியிலும் மான்கொம்புக் கொக்கி இருந்தது. "ரெண்டையும் கம்பியில மாட்டிக்கோ. முளை வந்தா ஒண்ணைக் கழற்றி முளைக்கு அந்தப் பக்கம் மாட்டு. அப்புறம்தான் மத்ததைத் தொடணும். ரெண்டும் ஒண்ணாக் கழண்டு இருக்கவே கூடாது. எங்கே, இப்பச் சுருண்டு காட்டு!"

தரைக்கு ஒரு முழம் மேலே சடைச்சி சுருண்டு தொங்கினாள். கொடி தாங்கியது. மறுபடியும் சுருளச் சொன்னாள் வரையாடு. மறுபடியும்.

"தரையிலேயே பொழுது போயிடும் போல!" என்று கேலி செய்துவிட்டுப் பவளம் குரங்கின் பின்னால் ஏறினாள்.

ஒருவழியாகச் சடைச்சியும் புறப்பட்டாள். கொக்கியைக் கழற்று, மாட்டு. அடுத்ததைக் கழற்று, மாட்டு. புதர்கள் சிறுத்தன. மரங்கள் பாசிபோல ஆயின. ஒரு முளையருகே ஒரு கொக்கியைக் கழற்றியவள் கீழே பார்த்தாள். அங்கே ஒரு கழுகு பறந்துகொண்டிருந்தது. வாழ்நாளெல்லாம் அதன் வயிற்றையே அண்ணாந்து பார்த்து நடுங்கியவள், இப்போது அதன் முதுகைப் பார்த்தாள்! வெயில் பட்டு அந்த முதுகு செம்பாக மின்னியது.

இத்தனை உயரமா? அவ்வளவுதான். கையும் காலும் வயிற்றுக்குள் போய்விட்டன. சடைச்சி பாறையை விட்டு விழுந்தாள்!

மாட்டியிருந்த இன்னொரு கொக்கி அவளைப் பிடித்து நிறுத்தியது.

"சுருண்டே இரு," என்றாள் வரையாடு, பக்கத்தில் நின்றபடி. "கொடி பிடிச்சிருக்கு. எனக்கு ஒரு அவசரமும் இல்லை."

காற்று பாறையை உரசிக்கொண்டு போயிற்று. மெல்ல ஒரு மூக்கு வெளியே வந்தது. பிறகு ஒரு கை.

மேலே யாரோ அழும் சத்தம் கேட்டது. ஒரு வெடிப்பின் விளிம்பில் பவளம் ஒட்டிக்கொண்டு நின்றாள். "தாவு, அவ்வளவுதான்னு சொல்லிட்டு அண்ணன் போயிட்டான், மதினி! முன்னாலேயும் போக முடியல, பின்னாலேயும் வர முடியல!"

இருவரும் அங்கே ஏறிப் போனதும், வரையாடு தன் கழுத்தில் கிடந்த வேறு இரண்டு கொடிகளைப் பவளத்துக்குக் கட்டினாள். கழற்று, மாட்டு என்று சடைச்சியே அவளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

உச்சியில் துரைக்கண்ணு அத்திப்பழம் தின்றுகொண்டிருந்தான். "என்ன பவளம், இவ்வளவு நேரமா?"

"அண்ணே, உன் காலுக்கு அது விளையாட்டு. என் காலுக்கு அது சாவு!" என்றாள் பவளம். குரங்கு பழத்தை மெல்லவும் மறந்துபோனான்.

சடைச்சியின் காதில் எதுவும் விழவில்லை. அவளுக்கு எதிரே உலகம் முழுவதும் விரிந்து கிடந்தது. மலைக்குப் பின்னால் மலை, அதற்கும் பின்னால் நீலமாக இன்னொரு மலை. அதன் தோளிலிருந்து மழை இறங்கி, சாம்பல் நிறக் கால்களால் சமவெளியில் நடந்து வந்தது. அது மிதித்த இடமெல்லாம் கறுத்துப் பளபளத்தது.

அவள் முட்கள் சிலிர்த்தன. உடம்பு சுருளப் பார்த்தது. சுருண்டால் கண்ணை மூட வேண்டுமே! சடைச்சி சுருளவில்லை. முதல் துளி மூக்கில் விழும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வரையாடு எல்லாரையும் மறுபக்கத்துச் சரிவு வழியாகப் பத்திரமாக இறக்கிக்கொண்டு போனாள்.

மலையேறப் போகிறவர்கள், தன் வீரத்தைச் சொல்லும் வழிகாட்டியை விட்டுவிட்டு, தங்கள் பயத்தை விசாரிக்கும் வழிகாட்டியோடு போக வேண்டும்.