பூனைக்கு மருந்து கொடுத்த கீரி

உடைமரக் காட்டுக்கு நடுவே ஒரு தாமரைக் குளம். அதன் கரையில் பழைய கரையான் புற்று ஒன்று. அந்தப் புற்றில் வடிவு என்ற கீரியும் சொக்கன் என்ற பூனையும் ஒன்றாகக் குடியிருந்தார்கள்.

வடிவு சாதாரணக் கீரி இல்லை. படமெடுத்த நாகத்துக்கு முன்னால் போய் நின்று, "என்ன, சண்டைக்கு வர்றியா?" என்று கேட்கக்கூடியவள். காட்டிலுள்ள பச்சிலையெல்லாம் அவளுக்கு அத்துப்படி. முயலுக்கு முள் தைத்தாலும் மயிலுக்கு வயிறு வலித்தாலும் அவளிடம்தான் வருவார்கள். அப்பேர்ப்பட்ட வடிவுக்குப் பொழுது விடிந்தாலே பயம். காரணம் பாம்பு இல்லை. சொக்கனுக்கு மருந்து கொடுக்க வேண்டுமே, அதுதான்.

சொக்கனுக்கு இளைப்பு நோய். போன மழைக்காலத்தில் ஒரு நாள், மூச்சு உள்ளே போகாமல் கழுத்தை நீட்டிக்கொண்டு குளக்கரையில் கிடந்தான். வடிவுதான் ஆடாதோடை இலையைக் கல்லில் நசுக்கி, சாற்றை அவன் வாயில் விட்டு, போன உயிரைத் திருப்பிக் கொண்டுவந்தாள். அப்படியே புற்றுக்கும் கூட்டி வந்தாள். இரண்டு நாள் இருக்கட்டும் என்றுதான் நினைத்தாள். இரண்டு நாள் இரண்டு மாதமாகி, இப்போது புற்றே அவனுடையது, இவள்தான் ஒட்டிக்கொண்டு இருக்கிறாள் என்ற நிலைமை.

நோய்க்கு வழி இருந்தது. ஆடாதோடை இலையை அரைத்து, இலந்தைக் கொட்டை அளவுக்கு உருட்டி, தினம் காலையில் ஒன்று. விடாமல் கொடுத்தால் சொக்கன் மரம் ஏறுவான். இரண்டு நாள் தவறினால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். ஐந்தாறு நாள் தவறினால் மறுபடி குளக்கரைதான். ஒவ்வொரு தடவையும் உயிர் திரும்பி வரும் என்று சொல்வதற்கில்லை. இது வடிவுக்குத் தெரியும். சொக்கனுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

மருந்தை விடுங்கள், மற்ற நேரத்திலாவது அவன் ஒழுங்காக இருந்தானா? எதிரே அவ்வளவு பெரிய குளம் கிடக்கிறது. அதில் வாய் வைக்க மாட்டான். தாமரை இலையில் தேங்கிய துளித் தண்ணீர்தான் வேண்டும். அதையும் முதலில் காலால் தட்டிப் பார்ப்பான். தட்டினால் தண்ணீர் உருண்டு ஓடிவிடும். ஓடிவிட்டது என்று வடிவிடம் வந்து புகார் சொல்வான். வடிவு பச்சிலையைக் காயப் போட்டால் அதன் மேல்தான் படுப்பான். காடு முழுக்க இடம் இருக்கும், அவனுக்கு அந்த இலை மேல்தான் தூக்கம் வரும். புற்று வாசலில் தலை வெளியிலும் வால் உள்ளேயுமாக நின்றுகொண்டு, போகவும் மாட்டான், வரவும் மாட்டான். தினம் சாயங்காலம் ஒரு காய்ந்த சருகைக் கவ்விக்கொண்டு வந்து, ஏதோ புலியை அடித்துவிட்டவன் மாதிரி ஊளையிட்டு அவள் காலடியில் போடுவான். வடிவு அதைப் பாராட்ட வேண்டும். பாராட்டாவிட்டால் பாராட்டும்வரை ஊளை நிற்காது.

"இந்த நாகம்கூடப் பரவாயில்ல. கடிச்சா ஒரே கடி," என்று வடிவு முயலிடம் சொல்லி மாய்ந்து போவாள்.

ஆரம்பத்தில் அவள் நேர்வழியில்தான் போனாள். உருண்டையை எடுத்து, பிடரியைப் பிடித்து, வாயைத் திறந்து உள்ளே தள்ளினாள். சொக்கன் சாதுவாக வாயை மூடிக்கொண்டான். முழுங்கிட்டியா என்று கேட்டால் ஆமாம் என்று தலையாட்டுவான். நெஞ்சில் விசில் மட்டும் குறையவில்லை. ஒரு நாள் தாழம்புதருக்குப் பின்னால் எதையோ தேடப் போன வடிவு, அங்கே பச்சை உருண்டைகள் வரிசையாகக் கிடப்பதைப் பார்த்தாள். விட்டுவிட்டுத் துப்பியதே பதினேழு சேர்ந்திருந்தது. எறும்புகூட அவற்றைச் சுற்றிக்கொண்டுதான் போனது.

வடிவுக்குத் தலை சுற்றியது. நேர்வழி சரிப்படாது, தந்திரம்தான் என்று அப்போதே முடிவு கட்டினாள்.

சொக்கனுக்குக் கெண்டை மீன் உயிர். மீன் வயிற்றுக்குள் உருண்டையைத் திணித்து வைத்தாள். அதுல என்ன இருக்கு என்று கேட்டான். ஒண்ணும் இல்ல என்றாள். மீன் முழுவதையும் தின்றான். இலையில் உருண்டை மட்டும் நக்கித் துடைத்த மாதிரி மிச்சம் இருந்தது. அடுத்த நாள் அதைப் பொடித்துத் தூவினாள். அவன் முகர்ந்து பார்த்துவிட்டு, அதன் மேல் மண்ணைத் தள்ளி மூடினான். பூனை எதை மண் தள்ளி மூடும் என்று உங்களுக்குத் தெரியும். அன்றோடு கெண்டை மீனைத் தொடுவதை விட்டுவிட்டான்.

பிறகு தேனில் குழைத்து அவன் முன்னங்காலில் பூசினாள். எப்படியும் நக்குவான், உள்ளே போய்விடும் என்று கணக்கு. அவன் நக்கவில்லை. மணலில் புரண்டான். அந்த மணலோடு வந்து அவளுடைய படுக்கையில் படுத்தான். எறும்புக் கூட்டமும் கூடவே வந்தது.

பிறகு மைனா முட்டை. ஓட்டில் ஓட்டை போட்டு உள்ளே கரைத்து ஊற்றினாள். இரண்டு நாள் குடித்தான்! வடிவு குதித்தாள். மூன்றாம் நாள் அடியில் கசப்பு தட்டியது. முட்டையும் போயிற்று. அதற்கப்புறம் நண்டு, வெட்டுக்கிளி, ஓணான் வால். ஒவ்வொன்றுக்கும் அவள் அதே வார்த்தையைத்தான் சொன்னாள். அதுல ஒண்ணும் இல்லடா, நல்லா இனிக்கும், தின்னு. ஒவ்வொன்றிலும் இரண்டு நாள், மூன்று நாள். அப்புறம் அதுவும் வேண்டாம்.

விஷயம் காடெல்லாம் பரவிவிட்டது. ஆளாளுக்கு யோசனை சொல்ல வந்தார்கள். கொக்கு, மூக்கைப் பொத்தினால் வாயைத் திறப்பான் என்றது. ஆமை, கொஞ்சம் பொறுமையாகக் கொடுத்துப் பார் என்றது. ஆமையைக் கடிக்காமல் விட்டதே வடிவின் பொறுமைக்குப் பெரிய சாட்சி. கடைசியில் பிச்சமுத்து என்ற உடும்பு வந்தார். தன் பிடி பிடித்தால் யாராலும் அசைய முடியாது, தான் பிடித்துக்கொள்கிறேன், நீ வாயில் போடு என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

பிடித்தார். சொக்கன் எண்ணெய் தடவினவன் மாதிரி வழுக்கினான். வடிவு உருண்டையோடு பாய்ந்தாள். சொக்கன் குனிந்தான். உடும்பு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அன்றைய மருந்து உடும்புக்குத்தான் போய்ச் சேர்ந்தது. அவர் கண்ணில் தண்ணீர் வழிய, பக்கத்துப் பாறை இடுக்கில் நுழைந்துகொண்டார். மூன்று நாள் வெளியே வரவில்லை.

இதெல்லாம் சிரிக்கிற கதையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு நாள் காலையில் சொக்கன் எதையுமே தின்னவில்லை. வைத்ததை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். மருந்தும் இல்லை, சாப்பாடும் இல்லை. விலா எலும்பு வெளியே தெரிந்தது. மூச்சு விடும் சத்தம் குளத்தின் அக்கரை வரை கேட்டது. சாயங்காலம் சருகு கொண்டுவருவதையும் நிறுத்திவிட்டான். பிடித்து ஊட்டலாம் என்றால், திமிறுகிற திமிறலிலேயே இருக்கிற மூச்சும் போய்விடும்.

ஐந்தாம் நாள் வடிவு குளத்தில் இறங்கி, பிடித்ததிலேயே பெரிய கெண்டை மீனைக் கொண்டுவந்து வைத்தாள். இந்தத் தடவை அதில் நிஜமாகவே எதுவும் இல்லை. அவன் எதையாவது தின்றால் போதும், மருந்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தது அவளுக்கு.

"தின்னுடா சொக்கா. இதுல ஒண்ணும் இல்ல," என்றாள்.

சொக்கன் தலையைத் தூக்கவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினான்.

"முட்டையிலயும் ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னே அக்கா. நண்டுலயும் ஒண்ணும் இல்லன்னே. நீ குடுக்கற எதைத்தான் நான் நம்பித் தின்ன?"

வடிவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நன்றி கெட்டவனே, யாருக்காகடா இவ்வளவு பாடு, தாழம்புதருக்குப் பின்னால் துப்பிவிட்டு முழுங்கிட்டேன் என்று சொன்னவன் யாரு என்றெல்லாம் கத்த வாயைத் திறந்தாள். திறந்தவள் அவனைப் பார்த்தாள். எதிரே அவ்வளவு நல்ல மீன் கிடக்கிறது. பசியில் அவன் மூக்கு துடிக்கிறது. ஆனாலும் தின்னப் பயந்து கிடக்கிறான். இவனைப் பட்டினி போட்டது நோய் இல்லை, நான்தான் என்று அவளுக்கு அப்போது உறைத்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

அவள் மீனை இரண்டாகப் பிளந்து, உள்ளே விரித்துக் காட்டினாள். ஒரு துண்டைக் கடித்து அவன் கண்ணெதிரே தின்றாள். பிறகு இன்னொரு இலையைக் கிள்ளி வந்து, தள்ளி ஒரு முழத்தில் விரித்து, அதன் மேல் பச்சை உருண்டையை வைத்தாள்.

"இது மீன். இதுல மருந்து இல்ல. அது மருந்து. அதுல மீன் இல்ல," என்றாள். "மீனைத் தின்னா மருந்து தின்னணும்னு இல்ல. ரெண்டும் வேற வேற. இனிமே உன் சோத்துல நான் எதையும் ஒளிச்சு வைக்க மாட்டேன்."

சொக்கன் மீனைப் பார்த்தான். உருண்டையைப் பார்த்தான்.

"அது இனிக்குமா?" என்று கேட்டான்.

இனிக்கும் என்ற சொல் பழக்கத்தில் வடிவின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள். விழுங்கின பிறகுதான், இத்தனை நாளும் அதை ஒரு தடவைகூடத் தான் ருசி பார்த்ததில்லை என்பது அவளுக்கு நினைவுக்கு வந்தது. அரைத்து வைத்திருந்ததிலிருந்து இன்னொரு உருண்டையை எடுத்து, வாயில் போட்டுக் கடித்தாள்.

நாகத்துக்கு அசையாத வடிவு ஆடிப் போனாள். காது மடங்கியது, வால் குச்சியாக நின்றது. நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓடிப்போய்க் குளத்தில் தலையை முக்கினாள். திரும்பி வந்தவள், "ஆத்தாடி, என்ன கசப்பு! குடலே வெளிய வந்துரும் போல இருக்கு!" என்றாள். "இதையா நான் தினமும் இனிக்கும்னு சொன்னேன்? நானா இருந்தாலும் துப்பியிருப்பேன்டா."

சொக்கன் சிரித்தான். சிரித்ததில் இருமல் வந்து, இருமலில் மூச்சு முட்டி, வடிவு அவன் முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று. மூச்சு சமாளித்ததும் அவன் மெதுவாக மீன் பக்கம் நகர்ந்தான். ஒரு ஓரத்தைக் கடித்தான். காத்திருந்தான். கசக்கவில்லை. இன்னொரு வாய் கடித்தான். அப்புறம் நிறுத்தவில்லை, முள்ளைக்கூட விடவில்லை.

வடிவு உருண்டையைப் பற்றி வாயே திறக்கவில்லை. திறக்காமல் இருப்பதற்கு அவள் தன் வாலையே கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. சொக்கன் முகம் கழுவினான். முன்னங்காலை நக்கினான். அதே காலை மறுபடி நக்கினான். உருண்டையை ஒரு தட்டு தட்டினான், அது இலையை விட்டு உருண்டு ஓடியது. வடிவு கண்ணை மூடிக்கொண்டாள்.

கண்ணைத் திறந்தபோது அவன் எழுந்து போய், மண்ணில் கிடந்த உருண்டையைத் தானே கவ்விக்கொண்டிருந்தான். முகத்தைக் கோணினான், உடம்பெல்லாம் ஒரு குலுக்கு குலுக்கினான், முழுங்கினான். வாயை அகலத் திறந்து அவளிடம் காட்டினான். உள்ளே எதுவும் இல்லை.

"இன்னைக்கோட முடிஞ்சுதா, நாளைக்கும் உண்டா?" என்று கேட்டான்.

முடிஞ்சுது என்று சொன்னால் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவான். நாளைப் பாட்டை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். அப்படிச் சொல்ல அவளுக்கு எவ்வளவோ ஆசையாக இருந்தது.

"நாளைக்கும் உண்டு," என்றாள் வடிவு. "நாளை மறுநாளும் உண்டு. நீ உயிரோட இருக்கற வரைக்கும் உண்டு. கசக்கத்தான் செய்யும்."

சொக்கன் போட்ட ஊளையில் குளத்தில் நின்ற கொக்குகள் எல்லாம் எழுந்து பறந்தன. இப்படி ஒரு கொடுமை உண்டா, இதற்கு அன்றைக்கே குளக்கரையில் செத்திருக்கலாமே என்று உச்சிப்பொழுது வரை புலம்பினான். பிறகு அவள் காயப் போட்டிருந்த பச்சிலை மேல் ஏறி, அவ்வளவையும் நசுக்கிக்கொண்டு படுத்துத் தூங்கினான்.

மறுநாள் காலை வடிவு இலையை விரித்து உருண்டையை வைத்தாள். சொக்கன் வெயில் ஏறும்வரை அவளைக் காக்க வைத்தான். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இலைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அது எவ்வளவு கசக்கும் என்று அவள் ஒரு தடவை சொல்லக் கேட்டுக்கொண்டான். அப்புறம் யாரும் பிடிக்காமல், யாரும் ஒளிக்காமல், தானே எடுத்து முழுங்கினான்.

நல்லதற்கென்று சொன்ன பொய்யும் நம்பிக்கையைக் கெடுத்துவிடும். கசப்பைக் கசப்பென்று சொல்லிக் கொடுக்கிறவர் கையிலிருந்துதான் கசப்பு மருந்தும் உள்ளே இறங்கும்.