அடிபடாத வரி

"இந்த ஜனங்களுக்குச் சமாதானமே ஆகாது, அம்மா!"

தீர்த்தகிரி உதறிய வேகத்தில் செருப்பு ஒன்று வேலிக்கு அப்பால் போய் விழுந்தது.

பொன்னுருவி அம்மை அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

ஆற்றின் இரு கரையும் ஒன்பது வருஷம் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டு ஓய்ந்திருந்தன. அம்மை நடுவில் நின்று பேசி, பன்னிரண்டு வரியில் ஓர் ஒப்பந்தம் எழுதியாயிற்று. பௌர்ணமிக்குள் பதினோரு ஊரும் கைநாட்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் புதைத்த துப்பாக்கிகள் வெளியே வந்துவிடும். எழுத்துத் தெரியாத அந்த ஊர்களுக்கு ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டும் வேலையைத் தீர்த்தகிரி தானாகக் கேட்டு வாங்கினான்.

"அக்கரைக் குண்டுக்குத் தம்பியைப் பறிகொடுத்தவன் நீ. உன்னால் ஆகுமா?" என்று அன்றைக்கே அம்மை கேட்டாள்.

"அதையெல்லாம் ஆற்றோடு விட்டாயிற்று" என்றான்.

இப்போது பௌர்ணமிக்கு மூன்று நாள்.

"கைநாட்டு எத்தனை?"

"ஒன்றுகூட இல்லை."

"ஏனாம்?"

"மற்றதெல்லாம் சரியாம், ஒரே ஒரு வரிதான் ஆகாதாம். ஊருக்கு ஒரு வரி! அது எங்கே என்று கேட்டு, கரியால் அடித்துவிட்டுத்தான் தாளைத் திருப்பித் தருகிறார்கள். ஓர் ஊரில், அக்கரை மாடு இக்கரைப் புல்லைத் தொடக்கூடாது. இன்னோர் ஊரில், ஓடத்தில் அவர்களோடு ஒரே பலகையில் உட்கார மாட்டார்கள். ஒரு கிழவர் சொல்கிறார், 'சமாதானம் வேண்டாம்னு நான் சொல்லலையேப்பா. அவனுக்கும் சேர்த்து எதுக்குன்னுதான் கேக்கறேன்!'"

அம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீர்கள் அம்மா. நடந்து நடந்து என் கால் வெடித்துவிட்டது."

"தாளைக் கொடு."

மடியில் விரித்தாள். அவளுக்கும் எழுத்துத் தெரியாது. கரிக்கோடுகளின் மேல் இறங்கிக்கொண்டே வந்த விரல், ஓரிடத்தில் நின்றது.

"இந்த ஒன்று சுத்தமாக இருக்கிறதே. பதினோரு ஊரும் ஒத்துக்கொண்டது! என்ன அது, வாசி."

"செருப்பை எடுத்து வந்துவிடுகிறேன்."

"வாசித்துவிட்டுப் போ."

தாளை வாங்கினான்.

"சிறையில் இருக்கும் இரு கரைக்காரர்களும்... யாரைச் சுட்டவர்களாக இருந்தாலும்... வீடு திரும்பலாம்."

அம்மை அடுத்த அவரைக்காயை எடுத்தாள்.

"மாட்டுக்கு மல்லுக்கட்டியவர்கள் இதற்கு ஒன்றும் சொல்லவில்லையா?"

தீர்த்தகிரி தாளை மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான்.

"ஓர் ஊரிலும் நான் இதை வாசிக்கவில்லை, அம்மா."