நிறுத்தாத இடம்

சுடலைமுத்து பாளையங்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருந்தான். கல்யாணப் படம் என்றால் ஊரில் முதலில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவனுடைய பள்ளித் தோழன் அப்பாஸுக்கு மேலப்பாளையத்தில் ஜவுளிக்கடை. கேமரா வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. படமெடுக்கக் கற்றுத்தரும் பெனடிக்டா டீச்சரிடம் அவனைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டவனே முத்துதான்.

டீச்சர் இருவரையும்விட வயதில் சிறியவர். இருவரையும் "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். ஆனால் படத்தைப் பார்க்கும்போது அவர் முகத்தில் எந்த உறவும் இருக்காது.

அந்த மார்கழியில் மூவரும் ராஜஸ்தான் போனார்கள். கார் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பாலைவனச் சாலையில் மேற்கே ஓட்டினார்கள். வழியில் கண்ணில் படுவதை எடுக்க வேண்டும். டீச்சர் ஒரே ஒரு விதி வைத்திருந்தார். யார் நிறுத்தினாலும் மூவரும் இறங்க வேண்டும்.

மாலையில் தங்கும் இடத்தில் டீச்சர் படங்களைப் பார்ப்பார். முத்துவின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போவார். அப்பாஸின் படத்தில் விரல் நின்றுவிடும்.

மணலில் பாதி புதைந்த பஸ் நிழற்குடை ஒன்றை இருவருமே எடுத்திருந்தார்கள். முத்துவின் படத்தில் தூண்கள் நூல் பிடித்ததுபோல் நின்றன. அப்பாஸின் படத்தில் நிழற்குடை ஓரமாகச் சாய்ந்து கிடந்தது. நடுவில் ஒரு கிழவர், வராத பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்.

"இந்த ஆளு எப்பல வந்தாரு?" என்றான் முத்து.

"அங்கனதான இருந்தாரு. நீ கேமராவுக்கு ஸ்டாண்டை மாட்டிக்கிட்டிருந்த."

டீச்சர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று முத்துவுக்கு ரொட்டி இறங்கவில்லை. அப்பாஸ் தன் தட்டிலிருந்த ஊறுகாயை எடுத்து அவன் தட்டில் வைத்தான். "காரமா இருக்கு, தொட்டுக்க. இறங்கிரும்."

அதுவும் எரிந்தது முத்துவுக்கு.

மறுநாள் மதியம் முத்து ஓட்டினான். டீச்சர் முன்னால் கூலிங் கிளாஸ் போட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். அப்பாஸ் பின்சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். வெகுதூரத்துக்கு மணலும் மின்கம்பமும்தான்.

அப்போது அது வந்தது.

சாலையோரம் தனியாக ஒரு வன்னி மரம். அடியில் ஒரு சலூன் நாற்காலி. முகம் முழுக்க நுரையோடு ஒருவன் மகாராஜா மாதிரி சாய்ந்திருந்தான். மரத்தில் ஆணியடித்துப் பெரிய கண்ணாடி ஒன்று மாட்டியிருந்தது. சுற்றிலும் வீடு இல்லை, ஆள் இல்லை. சவரம் செய்பவர் கத்தியைத் தூக்கி வெயிலில் பார்த்துக்கொண்டிருந்தார்.

முத்துவின் கால் பிரேக்கைத் தொட்டது. வண்டி மெல்ல ஊர்ந்தது. பிறகு கால் பிரேக்கிலிருந்து விலகியது. வண்டி மரத்தைத் தாண்டிப் போயிற்று.

நான்கு மணிக்கு ஒரு தாபாவில் டீ குடித்தார்கள். முத்துவுக்கு அடக்க முடியவில்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். ஒரே இடத்துலதான் ரெண்டு பேரும் நிக்கோம். அவன் படத்துல இருக்கது என் படத்துல ஏன் இல்ல?"

அப்பாஸ் சங்கடத்தோடு தலை குனிந்துகொண்டான்.

டீச்சர் கேட்டார்: "இன்னைக்கு வழியில பார்த்ததுலயே நல்லது எது, முத்தண்ணே?"

முத்து டீயை ஊதினான்.

"நான் தூங்கல, அண்ணே."

முத்து டீ கிளாஸையே பார்த்துக்கொண்டு சொன்னான். மரம், நாற்காலி, நுரை, வெயிலில் மின்னிய கத்தி. சொல்லச் சொல்ல அப்பாஸின் கண் விரிந்தது.

"எங்கல? எப்ப? என்னை எழுப்ப வேண்டியதானல!"

"எழுப்பியிருந்தா நீ எடுத்திருப்ப."

சொன்ன பிறகுதான் முத்துவுக்கே அது காதில் விழுந்தது.

அப்பாஸின் முகத்தைப் பார்க்க முத்துவுக்குத் தைரியம் வரவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. கடைக்காரர் ஓடிவந்து இறக்கினார்.

பிறகு அப்பாஸ் மேஜைமேல் கிடந்த கார் சாவியை எடுத்தான்.

"எந்திரி. வெளிச்சம் இன்னும் இருக்கு."

வந்த வழியே திரும்பினார்கள். அப்பாஸ் ஓட்டினான்.

மரம் இருந்தது. நாற்காலி இல்லை, கண்ணாடி இல்லை. கண்ணாடி மாட்டிய ஆணி மட்டும் மரத்தில் இருந்தது. வெட்டிப்போட்ட முடியைக் காற்று மணலில் உருட்டிக்கொண்டிருந்தது.

முத்து கேமராவைத் திறக்கவில்லை. அப்பாஸும் திறக்கவில்லை. அவன் மரத்தைச் சுற்றி வந்தான். ஆணியைத் தொட்டுப் பார்த்தான்.

"கண்ணாடி இங்கனதான் மாட்டியிருந்துச்சா?"

"ஆமா."

"ரோட்டைப் பாத்த மாதிரியா?"

"ஆமால."

"அதுல என்னல தெரிஞ்சுச்சு?"

அவன் குத்திக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டான்.

முத்து நினைத்துப் பார்த்தான். நாற்காலி வந்தது. நுரை வந்தது. கத்தி வந்தது. கண்ணாடியின் சட்டம்கூட வந்தது. அதற்குள் ஒன்றுமே வரவில்லை.

அவன் டீச்சரிடம் திரும்பினான். "நீங்க பார்த்தீங்கல்ல டீச்சர்? அந்தக் கண்ணாடியில என்ன தெரிஞ்சுச்சு?"

"நம்ம வண்டி. நிக்காமப் போறது தெரிஞ்சுச்சு."

"நான் அதைப் பார்க்கலையே!"

டீச்சர் கூலிங் கிளாஸைக் கழற்றினார்.

"நீங்க அப்போ வண்டிக்குள்ள இருக்கிற கண்ணாடியைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க, அண்ணே. அதுல அப்பாஸண்ணன் தூங்கிக்கிட்டு இருந்தாங்க."